ஏற்புரையில் விட்டுப்போன நன்றி

அன்புள்ள உங்கள் எல்லோருக்கும்,

என் முதல் நாவலின் இரண்டாம் பதிப்பு போன வாரம் வந்து சேர்ந்தது. மூன்று அட்டைப்பெட்டி. வடசேரி வீட்டுத் திண்ணையில் வைத்து ஒரு பிரதியைப் பிரித்தபோது, அட்டையில் என் பெயர் மட்டும் இருப்பது கொஞ்சம் கூச்சமாக இருந்தது. முதல் பதிப்பைக் குறை சொன்னவர்கள் இல்லையென்றால் இந்தப் பதிப்பு இப்படி வந்திருக்காது. பெயர் போட வேண்டாம் என்று நீங்கள் சொல்லிவிட்டதால் பெயரில்லாமலே எழுதுகிறேன். யார் யார் என்று உங்களுக்குத் தெரியும்.

நாகர்கோவிலில் நூலக மாடியில் நடந்த விமர்சனக் கூட்டத்திலிருந்து தொடங்குகிறேன். நான்கு பேர் பேசினார்கள். மூவர் பாராட்டினார்கள், அவர்கள் சொன்னதில் ஒரு வரிகூட இன்று எனக்கு நினைவில்லை. நான்காவதாக வந்த ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர், முதல் 60 பக்கத்தைக் கிழித்துப் போட்டாலும் கதைக்கு ஒரு குறையும் வராது என்றார். சபை சிரித்தது. நான் அழைப்பிதழின் பின்பக்கத்தில் அவருக்குப் பதில் எழுதத் தொடங்கினேன். கடைசியில் ஏற்புரை என்னுடையதுதானே, அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று நினைப்பு.

பக்கத்தில் இருந்த புத்தகக் கடை அண்ணாச்சி எட்டிப் பார்த்தார். “பேரு ஏற்புரை மக்களே, மறுப்புரை இல்ல. நன்றி சொல்லிட்டு எறங்கு” என்றார். இறங்கினேன். ஆனால் அன்று மேடையில் சொன்ன நன்றி வாயிலிருந்து வந்தது. மனசு பேராசிரியரின் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தது.

ராத்திரி தூங்காமல் அவருக்கு நான்கு பக்கக் கடிதம் எழுதினேன். காலையில் அண்ணாச்சியிடம் முகவரி கேட்கப் போனேன். அவர் கடிதத்தை வாங்கி, படிக்காமலே கல்லாப்பெட்டியில் வைத்துப் பூட்டினார். “பதினஞ்சு நாள் கழிச்சு வா. அப்பவும் போடணும்னா நானே ஸ்டாம்பு ஒட்டிப் போடுதேன்.” பதினைந்தாம் நாள் அதைத் திரும்ப வாசித்தேன். ‘நான்’ என்ற சொல் 31 இடத்தில் இருந்தது. நாவலைப் பற்றி இரண்டே வரி. கடையிலேயே கிழித்துப் போட்டேன். அண்ணாச்சி, அன்று வாங்கித் தந்த சாயாவுக்கு நீங்கள் இன்னும் காசு வாங்கவில்லை.

அப்புறம்தான் பேராசிரியர் சொன்னதைச் சோதித்துப் பார்க்கத் தோன்றியது. என்னிடம் முன்பு படித்து இப்போது கல்லூரியில் இருக்கும் ஒரு பெண்ணிடம், முதல் 60 பக்கத்தை எடுத்துவிட்டு மிச்சத்தைக் கொடுத்தேன். எடுத்திருப்பதைச் சொல்லவில்லை. வாசித்து முடித்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: “டீச்சர், இந்தப் பாட்டி யாரு?” பாட்டி வரும் 13 பக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற 47 பக்கத்தையும் வெட்டினேன். பாட்டியும் வேண்டாம் என்பதுதான் இன்றைக்கும் பேராசிரியரின் கட்சி. அதில் நான் இறங்கிவரவில்லை, ஐயா. ஆனால் அந்த 47 பக்கத்தையும் எழுதிய நானே இரண்டாம் முறை வாசிக்கச் சலித்திருந்தேன் என்பதை உங்களிடம் ஒத்துக்கொள்கிறேன். பென்சிலில் குறித்துத் திருப்பித் தந்த பிள்ளைக்கும் நன்றி. மரியாதைக்காக ஒரு குறிப்பையும் அழிக்காமல் தந்தாள்.

இனி குலசேகரம் பக்கத்து அக்கா. ரப்பர் மரத்தில் பால்வெட்டும் தொழிலாளி, இருபது வருடத்துக்கு மேலான வேலை. என் சக ஆசிரியை ஒருவர் மூலம் நாவல் அவர் கைக்குப் போயிருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது. “டீச்சரே, மழையில ஆராவது பால் வெட்டுவாவளா?”

நாவலில் உச்சக் காட்சியே அதுதான். கொட்டும் மழையில், சாயங்காலம், கதாநாயகி ரப்பர் மரத்தைச் சீவிக்கொண்டே அழுகிறாள். மூன்று பக்கம். அதை எழுதி முடித்த அன்று நானும் அழுதேன். ‘கதைதானே அக்கா’ என்று சொல்ல வாய் வந்தது. கல்லாப்பெட்டி ஞாபகம் வந்ததால், “நான் வந்து பாக்கலாமா?” என்று கேட்டேன்.

நாஞ்சில் நாட்டு வயல்காட்டில் வளர்ந்தவள் நான். ரப்பர் மரத்தைப் பஸ் ஜன்னல் வழியாகத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். முந்தின நாளே போய் அக்கா வீட்டில் தங்கி, விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு அவர் பின்னால் நடந்தேன். முதலில் பழைய வெட்டின் மேல் நூல்போலக் காய்ந்து கிடந்த ஒட்டுப்பாலை உரித்துக் கூடையில் போட்டார். அது தனியாக விலை போகும். பிறகு கத்தியை இடமிருந்து வலமாகச் சரித்து இழுத்தார். ஒரு ரூபாய்க் காசின் கனம்கூட இல்லாமல் பட்டை சுருண்டு விழுந்தது. கத்தி கொஞ்சம் ஆழமாகப் போய்த் தடியில் பட்டால் அந்த இடத்தில் முண்டு கட்டிவிடும், பிறகு அங்கே வெட்ட ஆகாது என்றார். வெள்ளை முத்துகளாக அரும்பிய பால், கோடாகச் சேர்ந்து, தகரச் சில்லு வழியாகச் சிரட்டைக்குள் சொட்டியது. குளிர்ச்சி இருக்கும்வரைதான் நன்றாக ஓடும், வெயில் ஏறினால் குறைந்துவிடும். மழை பெய்தாலோ, பால் வெட்டுச்சாலில் நிற்காது. மரமெல்லாம் வழிந்து, சிரட்டையில் வெள்ளம் சேர்ந்து பாழாகும். நம் குமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. மழை என்றால் அக்காவுக்கு வேலையில்லாத நாள், கூலியில்லாத நாள்.

அழ வைக்க மழையைக் கொண்டுவந்திருந்தேன். அவர்களை அழ வைப்பதும் மழைதான், நான் எழுதிய விதத்தில் இல்லை. இந்தப் பதிப்பில் அவள் கத்தியைத் தீட்டி வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்து மழை விடுமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஒன்றரைப் பக்கம்தான். அழவில்லை.

திரும்பும்போது அக்கா இன்னொன்றும் சொன்னார். “உங்க புத்தகத்துப் பெண்ணு நாகர்கோவில்காரி மாதிரி பேசுதா. எங்க பக்கம் ‘சொல்லு’ண்ணு வராது, ‘செல்லு’ண்ணுதான் வரும்.” 1956-இல் தாய்த் தமிழகத்தோடு சேருமுன் எல்லோரும் ஒரே திருவிதாங்கூர்தான் என்றாலும், மேற்கே வில்லுக்குறி ஊரைத் தாண்டினால் பேச்சு மாறுவது எனக்குத் தெரியாததல்ல. தெரிந்தும் சோம்பல். அவரே உரையாடல்களை வாய்விட்டுப் படித்துத் திருத்தித் தந்தார். கூலி வாங்க மறுத்துவிட்டார்.

இத்தனை மாற்றத்துக்கும் முகம் சுளிக்காமல் மறுபடி பக்கம் அமைத்துக் கொடுத்த பதிப்பாளருக்கு நன்றி. புத்தகத்தைத் திறந்தே பார்க்காமல், ‘டீச்சருக்கு வீட்டு வேலை இல்லையா’ என்று விமர்சனம் செய்த ஒருவரும் உண்டு. அவருக்குப் பதிலும் எழுதவில்லை, நன்றியும் இல்லை.

புதிய பிரதியை நேற்று அக்காவிடம் நேரில் கொடுத்தேன். நேராக அந்த ஒன்றரைப் பக்கத்துக்குப் போய் விரல் வைத்துப் படித்தார். தலையாட்டினார். இரண்டு தாள் முன்னால் புரட்டினார். விரல் நின்றது.

“பால் எடுத்தாச்சு. சிரட்டையக் கவுத்தி வைக்காம போயிட்டாளே, டீச்சரே?”

குறித்துக்கொண்டேன், அக்கா.

அன்புடன்,
வடசேரி டீச்சர்