அந்தப் பிள்ளையைத் தையலுக்கு அனுப்பாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். படிக்கிற வயசில் தாயாகிவிடும் பெண்களுக்கு இங்கே தென்னாப்பிரிக்காவில் நம் கோயில்கள் தையல் வகுப்பு நடத்த வேண்டும் என்று டர்பன் ஃபீனிக்ஸ் பகுதி வாசகர் ஒருவர் போன வாரம் எழுதியிருந்தார். நல்ல மனசோடுதான் எழுதியிருக்கிறார். ஆனால் இந்த யோசனையைச் சொல்கிறவர்களில் யாரும் மெஷினில் உட்கார்ந்து பிழைத்தவர்களாகத் தெரியவில்லை.

நான் பிழைத்தவள். டர்பன் துணி ஃபாக்டரிகளில் காலர் தைத்தே என் வயசு போனது. 1990-களில் இறக்குமதி வரி இறங்கி, வெளிநாட்டுத் துணி வந்து குவிந்ததும் ஃபாக்டரிகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடின. இன்றைக்கு வீட்டிலிருந்தபடி ஜிப் மாற்றுகிறேன், ஸ்கூல் பாவாடைக்கு ஓரம் மடிக்கிறேன், தீபாவளி நெருங்கினால் ரவிக்கை பிரித்துத் தைக்கிறேன். கரண்ட் பில்லுக்கும் மருந்துக்கும் காணும். ஒரு பிள்ளையை வளர்க்கக் காணாது.

ஆனாலும் என்னிடம்தான் அனுப்புகிறார்கள். பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தி, கிரேட் 11-ல் நின்றவள், கைக்குழந்தையோடு வந்தாள். வெட்டுமேஜைக்கு அடியில் துணிக்கூடையில் பிள்ளையைக் கிடத்தினாள். துணி ஓரம் அடிக்கும் ஓவர்லாக்கர் மெஷின் ஓடும்வரை அது தூங்கும், நிறுத்தினால் அழும். ஒரு கால் பெடலில், இன்னொரு கால் கூடையை ஆட்டிக்கொண்டிருக்கும். ஒரு பாவாடைக்கு எத்தனை மீட்டர் துணி என்று நான் சொன்னேன். பென்சிலைத் தேடி எடுப்பதற்குள் இருபது பாவாடைக்கு எவ்வளவு, வீணாகும் துண்டு எவ்வளவு என்று சொல்லிவிட்டாள். "கணக்கில்தான் ஆன்ட்டி எனக்கு நல்ல மார்க்" என்றாள். இவளையா ஜிப் தைக்க வைப்பது?

ஸ்கூல் அவளை வெளியேற்றவில்லை. கர்ப்பத்தைக் காரணம் காட்டி வெளியேற்றவும் கூடாது. அடிப்படைக் கல்வித் துறை 2021 டிசம்பரில் அரசிதழில் வெளியிட்ட கொள்கை அதைத் தெளிவாகச் சொல்கிறது, பெற்ற பிறகு திரும்பச் சேர்க்கவும் சொல்கிறது. அவள் நின்றதற்குக் காரணம், காலை ஏழரைக்குப் பிள்ளையை யார் கையில் கொடுப்பது என்பதுதான். அம்மாவுக்கு சூப்பர்மார்க்கெட்டில் ஷிஃப்ட். பாட்டிக்கு சர்க்கரையில் ஒரு கால் போய்விட்டது. பார்த்துக்கொள்ள ஒத்துக்கொண்ட பக்கத்து வீட்டம்மா மாசம் 800 ரேண்ட் கேட்டார். அரசு உதவித்தொகை கொடுக்கும் சாசா தரும் குழந்தை கிராண்ட் 2025 ஏப்ரலில்கூட மாசம் 560 ரேண்ட்தான். நேப்பியும் பால்மாவும் வேறு இருக்கிறது.

பையன் வீட்டில் என்ன சொல்கிறார்கள்? "அவன் படிக்கிற பிள்ளை, அவனிடம் ஏது காசு?" அவள் மட்டும் படிக்கிற பிள்ளை இல்லையா? தகப்பனால் முடியாவிட்டால் தகப்பனைப் பெற்றவர்களிடமும் ஜீவனாம்சம் கேட்கலாம் என்று கேப் உயர் நீதிமன்றம் எப்போதோ தீர்ப்புச் சொல்லிவிட்டது. தாலி கட்டியிருக்க வேண்டும் என்பதில்லை. மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டில் மெயின்டனன்ஸ் மனு கொடுக்கக் கட்டணமும் இல்லை, வக்கீலும் வேண்டாம். நம்மவர்கள்தான் கோர்ட் வாசல் மிதித்தால் மானம் போகும் என்று பிள்ளையின் சோற்றை விட்டுக்கொடுக்கிறார்கள்.

இன்னொன்று. பெண்ணுக்குப் பதினைந்து வயசு, தகப்பன் வளர்ந்த ஆள் என்றால் அது குற்றம். தெரிந்தும் போலீசுக்குச் சொல்லாமல் மறைப்பதும் குற்றம். சத்தமில்லாமல் பேசி முடித்து வைக்கும் பெரியவர்கள் இதைத் தெரிந்துகொள்ளட்டும்.

இப்போது கோயிலுக்கு வருகிறேன். எங்கள் கோயில் ஹால் சனி ஞாயிறு கல்யாணத்துக்கு, ஆடியில் கஞ்சிக்கு, தைப்பூசத்தில் காவடிக்கு. மற்றபடி திங்கள் முதல் வெள்ளி வரை பூட்டுதான். உள்ளே சமையல்கட்டு இருக்கிறது, குழாய் இருக்கிறது, சுற்றி மதில் இருக்கிறது. தையல் மெஷின் வாங்கிப்போட வைத்திருக்கும் பணத்தில் பாயும் கட்டிலும் வாங்கி அங்கே ஒரு கிரெச், அதாவது பிள்ளைக் காப்பகம், திறங்கள். பிள்ளைகள் ஆறு பேருக்கு மேல் போனால் பதிவு செய்ய வேண்டும், அலைச்சல்தான். ஆனால் பதிவு முடிந்தால் வசதியில்லாத குழந்தைகளுக்கு அரசு மானியம் கேட்கலாம். 2025 பட்ஜெட்டில் அதை ஒரு பிள்ளைக்கு நாளுக்கு 17 ரேண்டிலிருந்து 24 ஆக்கியிருக்கிறார்கள். ஸ்கூல் வயசு தாண்டிவிட்ட பெண்களும் பிள்ளையை அங்கே விட்டுவிட்டு, கல்வித் துறையின் 'செகண்ட் சான்ஸ்' திட்டத்தில் மேட்ரிக், அதாவது ஸ்கூல் இறுதிப் பரீட்சைக்குப் படிக்கலாம். அதற்குக் காசில்லை.

இதைச் சொன்னபோது கமிட்டியில் ஒருவர், "அதைப் பார்த்து மற்ற பெண்களும் கெட்டுப்போவார்கள் அம்மா" என்றார். பத்துப் பிள்ளைகள் ஒன்றாக அழுகிற ஹாலைப் பார்த்து எந்தப் பெண்ணுக்கு ஆசை வருமோ, எனக்குத் தெரியவில்லை.

வாரத்தில் இரண்டு காலை நான் வந்து உட்காரத் தயார். என் வயசில் இன்னும் நாலைந்து பேர் சும்மாதான் இருக்கிறோம், கூப்பிட்டால் வருவார்கள். கட்டிலுக்கு விரிப்பு தைத்துத் தருவதும் என் பொறுப்பு. ஹால் சாவி வைத்திருப்பவர்கள் உங்கள் பத்திரிகையைத் தவறாமல் வாங்குகிறார்கள் என்பது தெரிந்துதான் இதை எழுதுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு தையல்காரம்மா,
சாட்ஸ்வர்த், டர்பன்