சிறுவர் புத்தகங்களில் ஒரு பிரதியாவது திறந்திருக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

திருகோணமலை நகரில் புத்தகக் கடை நடத்துகிறவர்களிடம் உங்கள் பத்திரிகை வழியாக ஒன்று கேட்க விரும்புகிறேன். சிறுவர் கதைப் புத்தகங்கள் ஒவ்வொன்றிலும் ஒரு பிரதியையாவது பொலித்தீன் உறையைப் பிரித்து வையுங்கள். பிள்ளைகள் திறந்து பார்க்கட்டும்.

பாடசாலை விடுமுறை வந்தால் அக்காவின் பிள்ளைகள் மூவரையும் புத்தகக் கடைக்குக் கூட்டிப் போவது என் பொறுப்பு. மூத்தவன் தரம் 5, இரண்டாமவள் தரம் 2, கடைக்குட்டி இன்னும் முன்பள்ளி. கடை வாசலிலேயே தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைக்கான மாதிரி வினாத்தாள்கள் இடுப்பளவுக்கு அடுக்கியிருக்கும். அவற்றைத் தாண்டிப் பின்சுவர்ப் பக்கம் போனால்தான் கதைப் புத்தகங்கள். அதிலும் முக்கால்வாசி உறைக்குள். பிரித்துப் பார்க்கலாமா என்று கேட்டால், "எடுக்கிறதெண்டா பிரிக்கலாம் அக்கா" என்கிறார்கள். அவர்களுடைய கஷ்டமும் எனக்கு விளங்குகிறது. பெரும்பாலும் இந்தியாவிலிருந்து வருகிற புத்தகங்கள். அந்த ஊர் ரூபாய் ஒன்று எங்கள் ரூபாவில் மூன்றரைக்குக் கிட்ட நிற்கிறது, கொண்டுவரும் செலவு வேறு. அழுக்குக் கை பட்ட பிரதி பிறகு விலை போகாது. ஆனாலும் அட்டையை மட்டும் பார்த்து ஒரு பிள்ளைக்குப் புத்தகம் தெரிவு செய்ய முடியாது.

நான் முதலில் பார்ப்பது கட்டு. எங்கள் வீடு உப்புவெளியில், கடலுக்குக் கிட்ட. கம்பிப் பின் அடித்த புத்தகம் அங்கே ஒரு மாரியைத் தாண்டாது. பின் துருப்பிடித்து, நடுப்பக்கமெல்லாம் கறையாகி, தாள் கழன்று வந்துவிடும். நூலால் தைத்தது என்றால் மூத்தவன் வாசித்ததைக் கடைக்குட்டிக்கும் எடுத்து வைக்கலாம். அப்புறம் எழுத்தின் அளவு. தரம் 2 படிக்கிறவளுக்குப் பக்கத்துக்கு நாலைந்து வரி போதும், வரிகளுக்கு நடுவே நல்ல இடைவெளியும் வேண்டும். படம் வரைந்தவரின் பெயர் போட்டிருக்கிறதா என்றும் தேடுவேன். பெயர் இல்லாதவற்றில் பலதும் எங்கெங்கோ எடுத்த படங்களை ஒட்டிச் செய்தவை. முதல் பக்கத்து நரிக்கு ஒரு முகம், மூன்றாம் பக்கத்து நரிக்கு வேறு முகம். பெரியவர்களுக்கு அது கண்ணில் படாது. கடைக்குட்டி உடனே, "இது வேற நரி" என்று சொல்லிவிடுவாள். இதில் எதையாவது உறைக்கு வெளியே நின்று கண்டுபிடிக்க முடியுமா?

எல்லாவற்றையும் விட முக்கியம், பிள்ளை தானே வாசித்துப் பார்ப்பது. நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து மெல்ல வாசிக்கச் சொல்ல வேண்டும். ஒரு பக்கத்தில் ஐந்து சொல்லுக்கு மேல் தடுக்கினால் அந்தப் புத்தகம் இப்போதைக்கு அவளுக்குப் பாரம், அடுத்த வருடம் வாங்கலாம். தடுக்காமல் வாசித்துக்கொண்டே பக்கத்தைப் புரட்டினால் விலையைப் பார்க்காமல் வாங்கிவிடுவேன்.

மூத்தவனின் தகப்பன் திருக்கடலூரில் கடற்றொழில் செய்கிறவர். உறை கிழிந்திருந்த ஒரு புத்தகம் அவன் கையில் கிடைத்தது, கடல் உயிரினங்கள் பற்றியது. நீலத் திமிங்கிலம் 30 மீற்றர் வரை வளரும் என்று நின்றபடியே வாசித்துவிட்டு, "அப்பாவின்ர போட் எத்தினை மீற்றர் சின்னம்மா?" என்று கேட்டான். வீட்டில் அவனைப் புத்தகத்தோடு உட்கார வைப்பதே பெரும் பாடு. அந்த உறை கிழியாமல் இருந்திருந்தால் நான் அவனுக்கு வழக்கம்போல ஒரு நீதிக்கதைத் தொகுப்பைத்தான் வாங்கியிருப்பேன். நீதிக்கதை வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் எந்த மாமா, மாமி வந்தாலும் அதையே வாங்கிக் கொடுக்கிறார்கள், வீட்டில் ஒரே காகமும் நரியும் நாலு பிரதி கிடக்கிறது. சோதனை வரும் வருடத்தில் கதைப் புத்தகம் எதற்கு என்று கேட்கிற உறவினர்களுக்கும் சொல்கிறேன்: வினாத்தாளில் வருகிற பந்தியை வாசித்து விளங்கிக்கொள்ளவும் வாசிப்புப் பழக்கம்தான் வேண்டும்.

எங்கள் கடலுக்குத் திமிங்கிலம் பார்க்க வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். கோட்டைக்குள் புள்ளிமான் திரிகிறது, கன்னியாவில் வெந்நீர் ஊற்று இருக்கிறது. இவற்றைப் படத்தோடு சொல்லும் ஒரு தமிழ்ச் சிறுவர் புத்தகம்கூட நான் போன கடைகளில் கிடைக்கவில்லை. இங்கே செய்ய முடியாத வேலையும் இல்லை. ரூம் டு ரீட் அமைப்பு இலங்கை எழுத்தாளர்களையும் ஓவியர்களையும் கொண்டு தமிழிலும் சிங்களத்திலும் படக்கதைகள் வெளியிட்டிருக்கிறது. பாடசாலை நூலகத்தில் அவற்றை விரும்பி எடுக்கும் பிள்ளைகள், கடையில் அதே மாதிரி கேட்டால் நாங்கள் எங்கே போவது? செப்டெம்பரில் கொழும்பில் நடக்கும் சர்வதேசப் புத்தகக் கண்காட்சிக்கு மூன்று பிள்ளைகளோடு போய் வர எல்லாக் குடும்பத்துக்கும் வசதி இல்லை.

ஒக்டோபர் தேசிய வாசிப்பு மாதம். அந்த மாதத்திலாவது கடைக்காரர்கள் பின்சுவர்ப் புத்தகங்களில் கொஞ்சத்தை வாசலுக்குக் கொண்டுவந்து, உறையைப் பிரித்து, பக்கத்தில் உட்கார ஒரு வாங்கும் போட்டு வைக்க வேண்டும். உங்கள் சிறுவர் பகுதியிலும் வாரம் ஒரு புத்தகத்தை அறிமுகம் செய்யுங்கள். எந்த வயதுக்கு ஏற்றது, என்ன விலை, எங்கே கிடைக்கும், தைத்ததா பின் அடித்ததா என்று நாலு வரி போட்டால் போதும். அதை வெட்டி எடுத்துக்கொண்டு கடைக்குப் போவேன்.

இப்படிக்கு,
ஒரு சின்னம்மா,
உப்புவெளி, திருகோணமலை.