கத்தி வைப்பதற்கு முன்பே மூச்சிழுக்கக் கற்றுக்கொடுங்கள்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்ட மருத்துவமனைகளின் சத்திரசிகிச்சை விடுதிகளில் வேலை செய்யும் டொக்டர்மாருக்கும் தாதியருக்கும், அவற்றை நிர்வகிக்கும் சுகாதார அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

என் அப்பா படுவான்கரையில் வயல் செய்கிறவர். இளவயதிலிருந்தே சுருட்டுப் பழக்கம். சென்ற ஆண்டு அவருக்கு வயிற்றில் பெரிய ஆபரேசன் நடந்தது. நல்லபடியாக முடிந்தது, செய்தவர்களை இன்றும் நன்றியோடு நினைக்கிறோம். மூன்றாம் நாள் இரவு காய்ச்சல் வந்தது, மூச்சு வாங்கியது. படம் எடுத்துப் பார்த்தால் வலது நுரையீரலின் அடியில் நியூமோனியா.

அந்த மூன்று நாளும் நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? அவர் இருமப் போனாலே அம்மா பதறிப்போய், "இருமாதீங்க, தையல் விட்டுரும்" என்று நெஞ்சைத் தடவுவார். நான் அவரை எழும்ப விடாமல் நேராகப் படுக்க வைத்திருந்தேன். பக்கத்துக் கட்டில்காரர் சொன்னாரென்று பார்மசியில் மூன்று பந்துள்ள மூச்சுப் பயிற்சிக் கருவியும் வாங்கிக் கொடுத்தேன். இரண்டு நாள் அப்பா அதை ஊது ஊதென்று ஊதினார். ஒரு பந்தும் ஏறவில்லை. காய்ச்சல் வந்த பிறகுதான் பிசியோதெரபி மிஸ் வந்து, "ஐயா, ஊதுறதில்ல, உறிஞ்சணும்" என்றார். தலையணையைத் தையலின் மேல் வைத்து, இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டு இருமச் சொன்னார். மஞ்சள் சளி கட்டி கட்டியாக வந்தது. வலித்ததுதான். ஆனால் தையல் அப்படியே இருந்தது.

நாங்கள் அன்பினால் செய்த ஒவ்வொன்றும் அவருக்குக் கெடுதலாகவே முடிந்தது. மயக்க மருந்து கொடுத்ததுமே நுரையீரலின் அடிப்பகுதி கொஞ்சம் சுருங்கிவிடுமாம். மேல்வயிற்றில் வெட்டினால் ஆழமாக மூச்சிழுக்க வலிக்கும். நோயாளி மேலோட்டமாகவே மூச்சு விடுவார். சுருங்கிய இடம் விரியாது, சளி தேங்கும், கிருமி பிடிக்கும். புகைப்பவருக்கும் முட்டு (ஆஸ்துமா) வருத்தக்காரருக்கும் ஆபத்து இன்னும் கூட. விறகடுப்புப் புகையிலேயே காலம் கழித்த எங்கள் அம்மாமாரையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

2018இல் வெளிவந்த ஆய்வொன்றை நீங்கள் அறிந்திருப்பீர்கள். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் மேல்வயிற்று ஆபரேசனுக்கு வந்த 441 பேரில் ஒரு பகுதியினருக்குச் சிறு கையேடு மட்டும் கொடுத்தார்கள். மற்றவர்களுக்குக் கையேட்டோடு, ஆபரேசனுக்கு முன்னரே பிசியோதெரபிஸ்ட் அரை மணி நேரம் இருந்து மூச்சுப் பயிற்சியும் சொல்லிக்கொடுத்தார். நியூமோனியா போன்ற நுரையீரல் சிக்கல் வந்தவர்கள் முதல் பிரிவில் நூற்றுக்கு 27, அடுத்ததில் 12. அந்த அரை மணி நேரத்தைத்தான் எங்கள் ஆட்களுக்கும் கேட்கிறேன்.

நாள் குறிக்கும் கிளினிக்கிலேயே அதைச் செய்யுங்கள். அப்போது நோயாளிக்குத் தையல் வலி இல்லை, சொன்னது காதில் ஏறும். துணைக்கு வந்த மகளையோ மருமகனையோ கட்டாயம் பக்கத்தில் இருத்துங்கள். பிறகு கட்டிலருகே நிற்கப்போவது அவர்கள்தான். ஆள் போதாதென்றால் வாங்கில் காத்திருக்கும் பத்துப் பேருக்கும் ஒன்றாகவே காட்டலாம். படம் போட்ட ஒரு தாள், நல்ல தமிழில், கையில் கொடுங்கள். அந்தத் தாளில் சுருட்டு, பீடி, சிகரெட்டைக் குறைந்தது 4 வாரத்துக்கு முன்பே விடச் சொல்லியும் எழுதுங்கள். அப்பா வாட்டுக்குப் போன அன்று காலையிலும் புகைத்தார். கூடாதென்று எங்களிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.

அப்புறம், வலி மருந்து. வலி தணிந்தால்தானே இருமவும் எழுந்து உட்காரவும் மனம் வரும்? மருந்து கொடுத்த கொஞ்ச நேரத்தில் பயிற்சியைத் தொடங்கினால் பாதிச் சிரமம் குறையும். அப்பாவிடம் நாங்கள் கண்டது அது.

கிளினிக் நாளில் வந்து மற்றவர்களுக்குச் செய்துகாட்டச் சொன்னால் அப்பா வரத் தயார். சுருட்டை விட்டுவிட்டார். இப்போது அவர் உறிஞ்சினால் மூன்று பந்தும் ஏறுகின்றன.

இப்படிக்கு,
படுவான்கரையிலிருந்து ஒரு மகன்