சும்மா இருப்பவள்

அன்புள்ள தம்பிக்கு,

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சொன்னது இன்னும் காதில் நிற்கிறது. "அம்மா வீட்டில் சும்மாதானே இருக்காங்க, மூணு மாசம் இங்கே வந்து குழந்தையைப் பார்த்துக்கட்டுமே." நான் உன் அம்மாவின் மூட்டுவலியைச் சொல்லி மழுப்பினேன். நீ உடனே அங்கே ஒரு நல்ல எலும்பு டாக்டர் இருக்கிறார் என்றாய். அப்புறம் அரை மணி நேரம் மூட்டைப் பற்றியே பேசினோம். போனை வைத்த பிறகுதான் உறைத்தது, என்னை உறுத்தியது மூட்டே இல்லை.

அம்மா சும்மா இருக்கிறாள், அதனால் வரலாம். இதுதானே உன் வாதம்? நடுவில் ஒன்று ஒளிந்திருக்கிறது: சம்பளம் வராத வேலை வேலையே இல்லை. அதை வாய்விட்டுச் சொல்லியிருந்தால் நீயே மறுத்திருப்பாய். சொல்லாததால்தான் நம் இருவர் கண்ணிலும் படாமல் போய்விட்டது.

பழைய தருக்க நூல்களில் ஓர் உதாரணம் வரும். மலையில் நெருப்பு இருக்கிறது, புகை தெரிவதால், அடுக்களையைப் போல. புகை இருந்தால் நெருப்பு இருக்கும் என்பதை அவர்கள் அப்படியே விட்டுவிடவில்லை. எங்கே பார்த்தாய், காட்டு என்றார்கள். காட்டுவதற்கு அடுக்களைக்குப் போனவர்கள், அங்கே அடுப்பு ஊதியது யார் என்று கேட்டதாகக் காணோம்!

உன்னைச் சொல்ல எனக்கும் யோக்கியதை இல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு வந்த டீச்சர், "வீட்டம்மா வேலைக்குப் போறாங்களா சார்?" என்று கேட்டார். "இல்லைங்க, வீட்டில் சும்மாதான்" என்றேன். உள்ளே கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் கணக்கிலும் வீட்டு வேலை மட்டும் பார்ப்பவர்கள் 'வேலை செய்யாதோர்'தான். 2019இல் மத்திய அரசே நேரக் கணக்கெடுப்பு ஒன்று நடத்தியது. வீட்டு வேலை பார்க்கும் பெண்கள் அதற்குச் செலவிடுவது நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம், ஆண்கள் 97. பால் வாங்கப் போவதைச் சேர்த்தாலும் எனக்கு அந்த 97 தேறாது.

'சும்மா'வும் லேசான சொல் இல்லை. சும்மா கொடுத்தான் என்றால் காசு வாங்கவில்லை. சும்மா வந்தேன் என்றால் காரியம் எதுவும் இல்லை. சும்மா சும்மா அழுகிறான் என்றால் ஓயாமல் அழுகிறான். சித்தர்களுக்கோ சும்மா இருப்பதுதான் ஆகப் பெரிய வேலை. உன் அம்மாவுக்கு இதில் எது பொருந்தும்? காசு வாங்காமல், ஓயாமல் என்று இரண்டைச் சேர்த்தால் கொஞ்சம் கிட்டே வரும்.

2023 செப்டம்பரில் பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய் கொடுக்கும் திட்டம் வந்தபோது, 'உதவித் தொகை' என்றே வைத்திருக்கலாமே, அது என்ன 'உரிமைத் தொகை' என்று கேட்டேன். நமக்கு அது வராது, சும்மா பேச்சுக்குத்தான். அவள் கீரை ஆய்ந்துகொண்டே சொன்னாள்: "உதவின்னா நீங்க பார்த்துக் கொடுக்கிறது. உரிமைன்னா எனக்கு வர வேண்டியது." எனக்குப் பதில் வரவில்லை.

குழந்தையைப் பார்த்துக்கொள்ளக் கூப்பிடுவதில் தப்பே இல்லை, அவளுக்கும் பேரன்மேல் உயிர். ஆனால் என்னிடம் கேட்காதே, அவளிடமே கேள். எப்போது தோதுப்படும் என்று கேள். ராத்திரி ஒன்பதுக்கு மேல் போன் போடு. அதற்கு முன்னால் பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பாள். இந்த வாரம் நான் கழுவுகிறேன் என்றிருக்கிறேன். ஒரு டம்ளர் ஏற்கெனவே நசுங்கிவிட்டது.

அன்புடன்,
அப்பா