தாலமிக்கு முடிசூட்டாதே

அன்புள்ள சுந்தரம்,

உன் கையெழுத்துப்படி வந்து இருபது நாளாகிறது. பதில் போடாதது என் தப்புதான். இங்கே எல்லோரும் சுகம். மதினியைக் கேட்டதாகச் சொல். முதல் மூன்று இயல்களும் அருமை. நான்காவதைப் படித்த ராத்திரியே எழுதியிருந்தால் முழுக்க வசவாக இருந்திருக்கும். கோபம் ஆறட்டும் என்று தள்ளிப்போட்டேன்.

‘எகிப்தை ஆண்ட தாலமி மன்னர் மதுரையைத் தம் நூலில் குறித்துவைத்தார்’ என்று எழுதியிருக்கிறாயே, அடப்பாவி! தாலமி அரசகுலத்தின் கடைசி அரசர்களான கிளியோபாட்ராவும் அவள் மகன் பதினைந்தாம் தாலமியும் கி.மு. 30-ல் முடிந்துபோனார்கள். எகிப்து அன்றிலிருந்து ரோமானிய மாகாணம். மதுரையைக் குறித்த நம் ஆள் வேறு: வானியலும் நிலநூலும் எழுதிய அறிஞர். அவர் வானத்தைப் பார்த்துத் தேதியோடு குறித்த கணக்குகள் கி.பி. 127-லிருந்து 141 வரைக்கும் உள்ளவை. நடுவில் நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. அவர் முழுப்பெயர் கிளாடியஸ் தாலமி. ‘கிளாடியஸ்’ ரோமானியப் பெயர். குடும்பத்துக்கு ரோமானியக் குடியுரிமை இருந்ததற்கு அடையாளம். அரசகுலத்தோடு அவரை முடிச்சுப்போட ஒரு சான்றும் கிடையாது. பேரரசன் பெயர் ஊரெல்லாம் பரவும், அவ்வளவுதான்.

உனக்கு ஓர் ஆறுதல்: நீ தனியாள் இல்லை. ஸ்பெயினின் செவில் நகரத்துப் பேராயர் இசிதோர் ஏழாம் நூற்றாண்டிலேயே அவரை அலெக்சாந்திரியாவின் அரசன் என்று எழுதிவிட்டார். வாத்திகனில் ரஃபேல் தீட்டிய ‘ஏதென்ஸ் பள்ளி’ சுவரோவியத்தில், கையில் பூமி உருண்டையோடு முதுகைக் காட்டி நிற்பவர் தலையில் கிரீடம் பார்த்திருக்கிறாயா? அவரேதான். ஆக, இந்தப் பிழைக்கு உன்னைவிட ஆயிரத்து முந்நூறு வயது அதிகம். நம்ம பரமசிவம் சார் இருந்தால், ‘பழைய பிழை என்பதால் இலக்கணம் ஆகிவிடுமா?’ என்பார். மிச்சத்தை நீயே சொல்லிக்கொள்.

பெயரின் கதையை நீ சேர்க்காமல் விட்டதுதான் எனக்கு இன்னும் பெரிய வருத்தம். போருக்குக் கிரேக்கத்தில் ‘பொலெமொஸ்’. பழைய காவிய வழக்கில் அதுவே ‘ப்தொலெமொஸ்’. அதிலிருந்து ‘ப்தொலெமாயொஸ்’, போர்க்குணம் உள்ளவன். ஹோமரின் இலியத் காவியத்தின் நான்காம் காண்டத்தில் அகமெம்னானின் தேரோட்டி எவ்ரிமெதோனுக்கு அப்பா பெயர் இதுதான். ஒரே ஒரு வரி, ஆள் வரவே மாட்டான். பிறகு மாசிதோனியாவில் லாகோஸ் மகன் தாலமி. அலெக்சாந்தர் இறந்ததும் கி.மு. 323-ல் எகிப்தைப் பங்காக வாங்கி, 305-ல் அரசனாகிக்கொண்டவன். கிரேக்கர்கள் மூத்த பேரனுக்குத் தாத்தா பெயரை வைப்பார்கள். ‘பெயரன்’தான் பேரன் ஆனான் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இந்தக் குலமோ பேரன் வரைக்கும் காத்திருக்கவில்லை, அப்பன் பெயரையே மகனும் சூட்டிக்கொண்டு அரியணை ஏறினான்.

முதலாம், இரண்டாம் என்ற எண்ணிக்கை பிற்கால ஆய்வாளர்கள் போட்டது. அந்தக் காலத்தவன் பட்டப்பெயரை வைத்துத்தான் பிரித்துச் சொன்னான். முதல்வன் சோத்தேர், அதாவது காப்பவன். எட்டாமவன் ‘நன்மை செய்பவன்’ என்று தனக்குப் பெயர் வைத்துக்கொண்டான். ஊர் அவனைத் தொந்திக்காரன் என்றது. ஒன்பதாமவன் பட்டாணி, கிளியோபாட்ராவின் அப்பன் குழல்காரன். அதனால் உன் புத்தகத்தில் வெறுமே ‘தாலமி’ என்று எங்கே வந்தாலும் பட்டப்பெயரையோ ஆண்டையோ ஒட்டிவிடு. இல்லாவிட்டால் படிக்கிற பிள்ளை மூன்று பக்கத்தில் தொலைந்துபோகும்.

எனக்குப் பிடித்த தாலமி அரசனே இல்லை. மெம்பிஸில் செராபிஸ் கோயிலுக்குள், வெளியே போகக்கூடாது என்ற கட்டோடு வருஷக்கணக்காகக் கிடந்தவன், கிளௌக்கியாஸ் மகன். கி.மு. இரண்டாம் நூற்றாண்டு. கோயிலில் பணிசெய்த இரட்டைச் சகோதரிகளுக்குச் சேரவேண்டிய ரொட்டியும் நல்லெண்ணெயும் விளக்கெண்ணெயும் ஒழுங்காக வரவில்லை என்று மனுமேல் மனு போட்டிருக்கிறான். பாப்பிரஸ் தாள்களில் அவை இன்றும் இருக்கின்றன. அவன் கண்ட கனவுகளையும் குறித்துவைத்திருக்கிறான். மனு போனது யாருக்கு? ஆறாம் தாலமிக்கு. தாலமிக்குத் தாலமி எழுதிய விண்ணப்பம்! இதை விட்டுவிட்டுக் கிரீடத்தைப் போய்ப் பிடித்துக்கொண்டாயே.

இனி ரொசெட்டா கல். ஒரே செய்தியைக் கிரேக்கத்திலும், அன்று யாராலும் படிக்க முடியாதிருந்த எகிப்தியச் சித்திர எழுத்திலும் சொல்லும் கல்வெட்டு. அதை நீ இரண்டு வரியில் தாண்டியது மன்னிக்க முடியாதது. கி.மு. 196-ல் ஐந்தாம் தாலமிக்காக வெட்டிய ஆணை அது. மேல்பகுதி உடைந்துபோனதால் சித்திர எழுத்தில் 14 வரிதான் மிச்சம். அதில் நீள்வட்டச் சட்டத்துக்குள் இருப்பது அரசன் பெயர் என்று ஆங்கிலேய அறிஞர் தாமஸ் யங் முன்னமே கண்டுகொண்டார். ஒரே ஒரு பெயரை வைத்துக்கொண்டு ஊகத்தைச் சரிபார்க்க வழியில்லை, இரண்டாவது பெயர் வேண்டும். அது எகிப்தின் ஃபிலே தீவிலிருந்து இங்கிலாந்துக்குப் போன தூணில் கிடைத்தது: கிளியோபாட்ரா. பிரெஞ்சு அறிஞர் ஷாம்போலியோன் இரண்டையும் பக்கத்தில் வைத்தார். தாலமியின் முதல் குறி சதுரம், ப. அதுவே கிளியோபாட்ராவில் ஐந்தாவது. மூன்றாவது சுருக்குக்கயிறு, ஒ, அங்கே நான்காவது. நான்காவது படுத்திருக்கும் சிங்கம், ல, அங்கே இரண்டாவது. எல்லாம் சொன்ன இடத்தில் வந்து உட்கார்ந்தன. இடித்தது த மட்டும்: தாலமிக்கு ரொட்டி, கிளியோபாட்ராவுக்குக் கை. ஒரே ஒலிக்கு இரண்டு குறி இருக்கலாம் என்று அவர் துணிந்தார். நம் த ஒன்றே இரண்டு ஒலியைச் சுமப்பதற்கு நேர்மாறு. 1822 செப்டம்பர் 27-ல் பாரிஸில், இதை விளக்கி அவர் எழுதிய கடிதம் வாசிக்கப்பட்டது. பிள்ளைகளுக்கு இதைப் படமாகவே போடு: இரண்டு சட்டங்கள், நடுவே மூன்று கோடுகள்.

நம் பக்கத்துக்கு வா. அசோகனின் பதின்மூன்றாம் பாறைக் கட்டளையில் இரண்டாம் தாலமி இருக்கிறான். அந்தக் கட்டளையின் ஷாபாஸ்கடி ஊர்ப் படியில் ‘துரமய’, கால்சி ஊர்ப் படியில் ‘துலமய’. முதல் ப காணவில்லை. ல ஓரிடத்தில் ர ஆகிவிட்டது. அதைத் தொடர்ந்தே சோழரும் பாண்டியரும் வருகிறார்கள். ஆக, தாலமியையும் பாண்டியனையும் ஒரே பக்கத்தில் வைக்க உனக்கு ஆசை என்றால், நியாயமான இடம் அந்தப் பாறை. கிளாடியஸ் தாலமியின் ‘மொதௌரா, பாண்டியோனின் அரசிருக்கை’ அதற்கு நானூறு வருஷம் பிந்தியது. அவரைப் புகழும்போது கொஞ்சம் கை அடக்கு: உலகச் சுற்றளவை 1,80,000 ஸ்தாதியா (கிரேக்க நீள அளவு) என்று குறைத்துவிட்டார், இலங்கையைப் பன்மடங்கு ஊதிவிட்டார், நம் தீபகற்பத்தைத் தட்டையாக்கிவிட்டார்.

எழுத்துக்கூட்டல்: எல்லா இடத்திலும் தாலமி என்றே போடு. அரபியில் வல்லின ப் (p) கிடையாது, அதனால் ‘பத்லமியூஸ்’ என்று ‘பஸ்’ஸில் வரும் ப-வை (b) வைத்தார்கள். ஆங்கிலம் மூலத்தின் ப்-ஐ (p) எழுதிவிட்டு விழுங்கும். நமக்கும் ‘ப்த’ சொல்முதலில் வராது. மூல வடிவத்தை ஒருமுறை அடிக்குறிப்பில் காட்டினால் போதும்.

திருத்திய நான்காம் இயலை வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பு. ரஃபேல் படத்தை அட்டையில் போடுவதானால் போட்டுக்கொள், படக்குறிப்பை மட்டும் நான் எழுதுகிறேன்.

அன்புடன்,
ராமநாதன்

பி.கு.: 61-ஆம் பக்கத்தில் ‘தலாமி’ என்று ஒன்று இருக்கிறது. அது யார்?