ஃபில்டரின் வாய்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீ அனுப்பிய படத்தை நன்றாகப் பார்த்தேன். 40 லிட்டர் மீன்தொட்டி, எட்டு நியான் டெட்ரா, ஒரு கப்பித் தாய், அது போன வாரம் போட்ட குஞ்சுகள், நாலைந்து செர்ரி இறால், பின்பக்கக் கண்ணாடியில் தொங்கும் ஃபில்டர். “குஞ்சு தினமும் ரெண்டு மூணு குறையுதுப்பா, தாய் தின்னுதா, ஃபில்டர் இழுக்குதா?” என்று கேட்டிருக்கிறாய். இரண்டும் நடக்கக்கூடியதுதான். தாயும் தின்னும், டெட்ராவும் தின்னும். அதற்கு ஜாவா பாசியை ஒரு பெரிய கைப்பிடி வாங்கிப் போடு, குஞ்சுகள் உள்ளே புகுந்துகொள்ளும். ஃபில்டர் சங்கதிதான் விரிவாகச் சொல்ல வேண்டியது.

உறிஞ்சும் குழாயின் நுனியைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அங்கே இருக்கும் பிளாஸ்டிக் கூட்டில் 10 பிளவுகள் தெரிகின்றன. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 3 மி.மீ. அகலம், 2 செ.மீ. நீளம் இருக்கும். பிறந்த கப்பிக் குஞ்சின் நீளமே 6, 7 மி.மீ.தான், பருமன் அதைவிட எவ்வளவோ குறைவு. அதற்கு அந்தப் பிளவு திறந்து கிடக்கிற கதவு. இறால் குஞ்சு இன்னும் சின்னது, 2 மி.மீ.கூடத் தேறாது.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார். உன் மோட்டார் மணிக்கு 300 லிட்டர் ரகம், அதாவது நொடிக்கு 83 கன செ.மீ. தண்ணீர். பத்துப் பிளவுகளின் பரப்பையும் கூட்டினால் 6 சதுர செ.மீ. வருகிறது. 83ஐ 6ஆல் வகுத்தால் பிளவின் வாயில் நொடிக்கு 14 செ.மீ. வேகம். குஞ்சு தன் நீளத்தைப் போல் இருபது மடங்கு தூரத்தை ஒரே நொடியில் நீந்தினால்தான் அந்த இடத்தில் தப்பிக்க முடியும். வளர்ந்த டெட்ரா உள்ளே போகாது, ஆனால் சோர்ந்துபோன ஒன்று பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டால் பிய்த்துக்கொண்டு வர அதற்குத் திராணி இருக்காது.

இப்போது அதே குழாயில் 5 செ.மீ. விட்டம், 8 செ.மீ. உயரமுள்ள உருளை ஸ்பாஞ்சைச் செருகு. அதன் பக்கப் பரப்பு மட்டும் 126 சதுர செ.மீ. தண்ணீர் அந்தப் பரப்பு முழுவதும் பிரிந்து நுழைவதால் வேகம் நொடிக்கு முக்கால் செ.மீ.க்கும் கீழே இறங்கிவிடும். மோட்டார் அதேதான், இழுக்கும் தண்ணீரும் கிட்டத்தட்ட அதேதான். வாய் அகலமானதால் இருபதில் ஒரு பங்கு வேகம். குஞ்சு அதன்மேல் உட்கார்ந்து, ஒட்டியிருக்கிற உணவுத் துணுக்கைக் கொத்தித் தின்றுவிட்டுப் போகும். இறால்கள் அந்த ஸ்பாஞ்சை விட்டு நகரவே நகராது.

இதனால்தான் குழாயில் நைலான் காலுறையை இறுக்கிக் கட்டச் சொல்கிறவர்களின் யோசனை எனக்கு உடன்பாடில்லை. துணி பிளவை மூடுகிறது, பரப்பைக் கூட்டுவதில்லை. குஞ்சு உள்ளே போகாமல் துணிமேல் அப்பிக்கொண்டு சாகும். கையில் ஒன்றுமே இல்லாத ராத்திரிக்கு வேண்டுமானால் தளர்வாகக் கட்டிச் சமாளிக்கலாம். எஃகு வலைக் கூடும் அப்படித்தான். அளவில் பெரியதாக இருந்தால் பரவாயில்லை, குழாயை ஒட்டினாற்போல் இருக்கும் சின்னக் கூடு இரண்டு நாளில் பாசியும் சாப்பாட்டுத் துகளும் அடைத்துக்கொள்ளும்.

ஸ்பாஞ்ச் வாங்கும்போது துளை எண்ணிக்கையைக் கேள். ஓர் அங்குலத்துக்கு 30 துளை என்பது உனக்குச் சரி. 20 இருந்தாலும் கப்பிக்குப் போதும். 10 வேண்டாம், இறால் குஞ்சு ஊர்ந்து உள்ளே போய்விடும். 45 மிக நெருக்கம், சீக்கிரம் அடையும். மீன்தொட்டிக்கென்று விற்பதை மட்டும் வாங்கு. பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்சில் கிருமிநாசினி கலந்திருக்கலாம். உள்துளை உன் குழாயின் வெளிவிட்டத்தைவிட ஒரு பொட்டு குறைவாக இருந்தால்தான் இறுகப் பிடிக்கும். ஆகவே குழாயை அளந்துகொண்டு போ.

மாட்டும்போது பிளாஸ்டிக் கூட்டைக் கழற்றி எறிந்துவிடாதே. ஸ்பாஞ்ச் அதன் மேலேதான் ஏற வேண்டும். கூடு இல்லாவிட்டால் ஸ்பாஞ்சின் அடிப்பகுதி குழாய் வாய்க்குள் இழுபட்டு, எல்லாத் தண்ணீரும் அந்த ஒரு சின்ன இடம் வழியாகவே போகும். கூட்டின் கடைசிப் பிளவுவரை ஸ்பாஞ்ச் மூடியிருக்கிறதா என்று கீழிருந்து குனிந்து பார். மேலே ஒரு பிளவு வெளியே தெரிந்தாலும் இத்தனை பாடும் வீண், இழுப்பு முழுக்க அங்கேதான் திரும்பும். புது ஸ்பாஞ்ச் மிதக்கும். மாட்டுவதற்கு முன் தொட்டித் தண்ணீரில் அமுக்கி அமுக்கிக் காற்றை எடுத்துவிடு. அடியில் மணலுக்கு மேல் 3 செ.மீ. இடைவெளி இருக்கட்டும்.

ஸ்பாஞ்ச் அடைத்தால் அந்த நல்ல கணக்கு மெல்ல மெல்லக் கெடும். பாதி அடைந்தால் மீதிப் பாதியில் வேகம் இரட்டிப்பாகும். இன்னும் அடைந்தால் மோட்டாருக்குத் தண்ணீர் போதாமல் காற்றை இழுக்க ஆரம்பிக்கும், சத்தம் கரகரப்பாக மாறும், உள்ளே தண்ணீரைச் சுழற்றித் தள்ளும் இம்பெல்லர் தேயும். வெளியே விழுகிற தண்ணீர் மெலிந்தால் அதுதான் முதல் அறிகுறி. வாரம் ஒருமுறை கழுவு. குஞ்சுகளுக்குத் தூள் உணவு போடுகிற இந்த மாதம் வாரம் இருமுறை வேண்டும்.

கழுவுகிற முறையிலும் குஞ்சுகள் போகும், அதனால் கவனமாகக் கேள். முதலில் பிளக்கைப் பிடுங்கு. மோட்டார் ஓடும்போது ஸ்பாஞ்சை உருவினால் அந்த இரண்டு நொடியில் பக்கத்தில் மேய்கிற குஞ்சு திறந்த பிளவுக்குள் போய்விடும். பிறகு ஸ்பாஞ்சை லேசாக ஆட்டு, மேலே உட்கார்ந்திருப்பவை விலகிப் போகட்டும். ஒரு பிளாஸ்டிக் பையைக் கீழிருந்து மேலாக ஏற்றி, ஸ்பாஞ்சை அதற்குள்ளேயே கழற்றி எடு, அழுக்கு தொட்டியில் கலக்காது. வெள்ளை நிற வாளியில் தொட்டித் தண்ணீர் எடுத்து அதில் ஐந்தாறு முறை பிழி. குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் பிழிந்தால் கழிவை முறிக்கிற பாக்டீரியா செத்துப்போகும். சோப்பு கிட்டவே வரக்கூடாது. பளிச்சென்று ஆக வேண்டியதில்லை, தண்ணீர் தாராளமாக உள்ளே போனால் போதும்.

நீர் கொட்டுகிற பக்கத்தையும் பார். படத்தில் தண்ணீர் மட்டம் ஃபில்டரின் நீர் கொட்டும் உதட்டுக்கு நான்கு விரல் கீழே இருக்கிறது. அந்த உயரத்திலிருந்து விழும் தாரை குஞ்சுகளை அடிமட்டத்துக்கு அடித்துத் தள்ளும். உதட்டைத் தொடும் அளவுக்கு மட்டத்தை உயர்த்து, தண்ணீர் வழுக்கிக்கொண்டு இறங்கும். அப்போது மேலே மூடி கட்டாயம் வேண்டும், கப்பி குதிக்கும். வேகம் இன்னும் அதிகமாகத் தெரிந்தால் தாரை விழும் இடத்தில் ஒரு ஸ்பாஞ்ச் துண்டைச் செருகு. பிற்பாடு ஃபைட்டர் மீன் வளர்க்க நினைத்தால் இது அவசியம். நீண்ட துடுப்புள்ள மீன் நாள் முழுக்க நீரோட்டத்தோடு மல்லுக்கட்ட முடியாது.

குழாய்க்கும் கண்ணாடிக்கும் நடுவே ஒரு விரல்கூட நுழையாத சந்து இருக்கிறது. மீன்கள் அங்கே நுழைந்து திரும்ப முடியாமல் மாட்டிக்கொள்ளும். ஒன்று கண்ணாடியோடு ஒட்ட வை, இல்லை 3 செ.மீ. தள்ளி வை.

தொடர்ந்து குஞ்சு எடுக்கிற எண்ணம் இருந்தால், ஏர் பம்பில் ஓடுகிற ஸ்பாஞ்ச் ஃபில்டரை இன்னொரு மூலையில் வைத்துவிடு. குஞ்சுத் தொட்டிக்கு அதைவிடப் பத்திரமானது எனக்குத் தெரியாது. அதில் மோட்டாரும் பிளவும் தண்ணீருக்குள் கிடையாது. ஏர் பம்ப் தண்ணீர் மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும். முடியாவிட்டால் காற்றுக் குழாயின் நடுவே ஒருவழி வால்வைப் போடு, அம்புக்குறி தொட்டியைப் பார்க்கட்டும். இல்லையென்றால் மின்சாரம் போகும்போது தண்ணீர் பின்னோக்கி ஓடிப் பம்புக்குள் இறங்கிவிடும்.

எப்போதாவது ஒரு மீன் ஒட்டிக்கொண்டால் கையால் இழுக்காதே, துடுப்பு கிழியும். பிளக்கைப் பிடுங்கு, தானாக விடுபடும். மிதக்கும் குஞ்சுப் பெட்டியில் தனியே விட்டு, சுத்தமான தண்ணீரில் இரண்டு மூன்று நாள் பார். வளர்ந்த மீன் ஸ்பாஞ்ச் மேலேயே ஒட்டினால் ஃபில்டரைக் குற்றம் சொல்லாதே, அது முன்பே நோயுற்றிருக்கிறது. அன்றைக்கே தண்ணீரில் அமோனியாவும் நைட்ரைட்டும் (மீன் கழிவிலிருந்து வரும் விஷங்கள்) இருக்கிறதா என்று சோதித்துப் பார், இரண்டும் 0 காட்ட வேண்டும். காட்டாவிட்டால் பாதித் தண்ணீரை மாற்று, புதுத் தண்ணீரில் குளோரினை நீக்கும் மருந்தைக் கலந்துவிட்டு ஊற்று.

இன்றைக்கு ஒரு வேலை செய், கண்ணு. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, தொங்கும் ஃபில்டரின் பெட்டியைத் திறந்து டார்ச் அடித்துப் பார். இம்பெல்லரைத் தாண்டிப் பிழைத்த குஞ்சுகள் அங்கே ஸ்பாஞ்சுக்கு அடியில் உயிரோடு கிடப்பது உண்டு. பெட்டித் தண்ணீரை வெள்ளை வாளியில் ஊற்றி அஞ்சு நிமிஷம் அசைக்காமல் வை. இரண்டு கரும்புள்ளிக் கண்கள் சேர்ந்து நகர்ந்தால் அது குஞ்சு, கரண்டியால் தண்ணீரோடு மொண்டு பாசிக்குள் விடு. எத்தனை கிடைத்தது என்று ராத்திரி எனக்குச் சொல்.

அன்புடன்,
அப்பா