துண்டு எண்ணிக்கை சொல்லாத கணக்கு

ஆசிரியருக்கு,

சேகரிப்பு உருவ பொம்மைகள், பிளாக் செட்டுகள் (லெகோ போலத் துண்டுகளை ஒன்றோடொன்று செருகிக் கட்டும் பொம்மைகள்) பற்றித் தங்கள் ஞாயிறு மலரில் வந்த கட்டுரையில் இரண்டு இடங்கள் இடறுகின்றன. நன்றாக வரையத் தெரிந்தவர்களுக்கு இத்துறை திறந்தே கிடக்கிறது என்று மாணவர்களுக்குச் சொல்லியிருக்கிறீர்கள். பிளாக் செட்டுகளின் விலையைத் துண்டுகளின் எண்ணிக்கையால் வகுத்து, எது மலிவு, எது அநியாயம் என்று அட்டவணையும் போட்டிருக்கிறீர்கள். இரண்டும் ஒரே விஷயத்தைக் கவனிக்காமல் விட்டதால் வந்தவை: அச்சு, அதாவது மோல்டு.

உருவ பொம்மையை எடுத்துக்கொள்வோம். முன்புறம், பக்கவாட்டு, பின்புறம் என ஒரே அளவில் வரைந்த படங்களிலிருந்து கணினியில் சிற்பம் உருவாகிறது. அதை 3டி பிரின்ட் எடுத்துக் கையில் வைத்துப் பார்ப்பார்கள். இதுவரை ஓவியரின் ராஜ்ஜியம். அடுத்த கேள்வி, இதை எத்தனை துண்டாக வெட்டுவது என்பது. 1978-ல் அமெரிக்க பொம்மை நிறுவனமான கென்னர் வெளியிட்ட 3¾ அங்குல ஸ்டார் வார்ஸ் உருவங்களில் பெரும்பாலானவற்றுக்குக் கழுத்து, இரு தோள், இரு இடுப்பு என 5 மூட்டுகள்தான். இன்று 1:12 அளவில், ஏறத்தாழ 15 செ.மீ. உயரத்தில் வரும் உருவங்களில் முழங்கையும் முழங்காலும் இரட்டை மடிப்பு. கணுக்கால் பக்கவாட்டிலும் சாய வேண்டும். கீலுக்குள் போகும் பின் (சிறு முளை) ஒவ்வொன்றும் தனித் துண்டு. பெயின்ட் தொடுவதற்கு முன்பே நாற்பது, ஐம்பது துண்டுகள் சேர்ந்துவிடும்.

ஒவ்வொரு துண்டும் இரண்டு பாதி இரும்பு அச்சுக்குள் உருகிய பிளாஸ்டிக்காகப் பாய்ந்து, குளிர்ந்து, அச்சு நேர்கோட்டில் திறக்கும்போது உரசாமல் வெளியே வந்தாக வேண்டும். மணல் விளையாட்டு வாளி வாய்ப்பக்கம் அகன்றிருப்பதால்தான் மணல் உடையாமல் கழல்கிறது. அதே காரணத்துக்காகப் பொம்மையின் செங்குத்துச் சுவர்களுக்கும் 1 முதல் 2 டிகிரி சரிவு கொடுப்பார்கள். தாடைக்கும் கழுத்துக்கும் நடுவே, அக்குளில், மடங்கிய விரல்களுக்குள் எல்லாம் அச்சு மாட்டிக்கொள்ளும். இதை அண்டர்கட் என்பார்கள். அதற்கு வழிகள் உண்டு, எதுவும் இலவசமில்லை. அச்சில் பக்கவாட்டில் நகரும் ஸ்லைடு வைக்கலாம். அச்சின் விலை ஏறும். துண்டை இரண்டாக்கி ஒட்டலாம். ஒட்டிய கோடு தெரியும். மென்மையான பிவிசி பிளாஸ்டிக்கில் வார்த்து, சூடு ஆறுமுன் இழுத்து எடுக்கலாம், கூர்மை போய்விடும். அல்லது பள்ளத்தை நிரப்பிவிட்டு, அந்த இடத்தில் கருமை தீட்டி நிழல்போலக் காட்டலாம். மலிவான பொம்மைகளில் விரல்கள் ஒட்டிப் போயிருப்பதற்குச் சிற்பியின் சோம்பல் காரணமல்ல, இந்தக் கடைசி வழிதான் காரணம்.

அச்சின் இரு பாதிகள் சந்திக்கும் இடத்தில் மெல்லிய கோடு விழும். அது கன்னத்தின் குறுக்கே போனால் முகம் கெட்டது. ஆயிரக்கணக்கான தலைகளை யாரும் உட்கார்ந்து தேய்க்க மாட்டார்கள். கோட்டைக் காதுக்குப் பின்னால் ஓட்டி, முடியைத் தனித் துண்டாக்கி மேலே கவிழ்த்து மறைப்பது வழக்கம். தடிமனும் ஒரு தொல்லை. தொடையைக் கெட்டியாக வார்த்தால் உட்பகுதி மெதுவாகக் குளிர்ந்து சுருங்கி, வெளித்தோலை உள்ளே இழுக்கும். மேலே குழி விழும். அதனால் சுவரை ஏறத்தாழ 2 மி.மீ. ஆக்கி உள்ளே கூடாக விடுகிறார்கள். உள்ளே வைக்கும் தாங்கு விலாக்கள் சுவரின் தடிமனில் 50–60 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் அங்கேயும் அதே குழி.

மூட்டுகளில்தான் அனுபவம் பேசும். மூட்டின் பின் தளர்ந்திருந்தால் கை தொங்கும், இறுகியிருந்தால் திருகும்போது முறியும். அச்சில் இரும்பைச் செதுக்கி எடுப்பது சுலபம், திரும்பச் சேர்ப்பது கஷ்டம். அச்சில் இரும்பு குறைந்தால் பொம்மையில் பிளாஸ்டிக் கூடும். ஆகவே பின்னை முதலில் சற்று ஒல்லியாகவே விட்டு, முதல் சோதனை வார்ப்பு வந்தபின் தேவையான அளவுக்கு மட்டும் அச்சைச் செதுக்குவார்கள். அப்படிச் சரிசெய்த பின்பும் பெயின்ட் படலம் இடைவெளியைத் தின்று மூட்டை ஒட்டவைத்துவிடுவது உண்டு. நல்ல வடிவமைப்பாளர் மூட்டின் உரசும் பரப்பில் பெயின்டே வராதபடி, அந்தத் துண்டை உரிய நிறப் பிளாஸ்டிக்கிலேயே வார்க்கச் சொல்வார். (வாங்கிய பொம்மையில் மூட்டு இறுகியிருந்தால் பலத்தைக் காட்டாமல் வெந்நீரில் சிறிது நேரம் வைத்துத் திருப்பிப் பாருங்கள்.)

அலமாரியில் நின்ற உருவம் சில மாதங்களில் முன்னால் சாய்கிறது என்று சேகரிப்பாளர்கள் புலம்புவதும் வடிவமைப்புப் பிழைதான். பிவிசி வெப்பத்தில் இளகி, சுமையின் கீழ் மெல்ல வளையும். பெரிய கூந்தலும் மேலங்கியும் கொண்ட உருவத்தின் எடை ஒற்றைக் கணுக்காலில் இறங்கினால் சாயாமல் என்ன செய்யும்? ஊன்றும் காலை மட்டுமாவது ஏபிஎஸ் என்னும் கெட்டியான பிளாஸ்டிக்கில் வார்ப்பது, காலுக்குள் உலோகக் கம்பி வைப்பது, பீடத்திலிருந்து தாங்குகோல் கொடுப்பது என்று வழிகள் இருக்கின்றன. பிவிசி-யை மென்மையாக்கச் சேர்க்கும் பொருள் காலப்போக்கில் வெளியே கசியும். பிசுபிசுப்பு வருவது அதனால்தான். பெட்டிக்குள் உருவத்துக்கும் தட்டுக்கும் இடையே மெல்லிய தாள் வைப்பது அலங்காரத்துக்கு அல்ல.

இனி பிளாக் செட். 1958 ஜனவரி 28 அன்று டென்மார்க்கில் லெகோ காப்புரிமைக்கு விண்ணப்பித்த குழாய் அமைப்புதான் இன்றும் அடிப்படை. பிளாக்கின் மேலே நீட்டியிருக்கும் குமிழ்களின் மையங்களுக்கு இடையே 8 மி.மீ., குமிழின் விட்டம் 4.8, பிளாக்கின் உயரம் 9.6, தட்டையான பிளேட் 3.2. நான்கு குமிழ்களுக்கு நடுவே மூலைவிட்டமாக மிஞ்சும் இடம் ஏறத்தாழ 6.51 மி.மீ.; அடியில் உள்ள குழாயின் வெளிவிட்டமும் அதுவே. பிடிப்பு அங்கிருந்துதான் வருகிறது. 2×4 பிளாக்கின் (வரிசைக்கு 4 குமிழாக 2 வரிசை) நீளம் 32 அல்ல, 31.8 மி.மீ.; பக்கத்துக்கு 0.1 விட்டால்தான் சுவராக அடுக்கும்போது நெருக்காது. ஏபிஎஸ் குளிரும்போது 0.4 முதல் 0.7 சதவீதம் சுருங்கும். இந்த நீளத்தில் 0.1 சதவீத வித்தியாசமே 0.03 மி.மீ. ஆகிவிடும். விலை குறைந்த பிளாக்குகளில் சில கழன்று விழுவதும் சில பல்லால் கடித்தாலும் வராததும் இந்த நூலிழைக் கணக்கு தவறுவதால்.

செட் வடிவமைப்பாளர் கையில் வெறும் கற்பனை மட்டும் இருப்பதில்லை, ஒரு பட்ஜெட்டும் இருக்கிறது: இத்தனை துண்டு, இத்தனை புதிய அச்சு, ஏற்கெனவே உள்ள வடிவத்தில் இத்தனை புதிய நிறம், மேலே படம் அச்சிட்ட இத்தனை துண்டு. முதல் மாதிரியைக் கிடைத்த நிறங்களில் கட்டி, எடுத்து, திருப்பி, ஆட்டிப் பார்க்கிறார்கள். துண்டுகளைப் பக்கவாட்டில் திருப்பிக் கட்டும்போது 5 பிளேட் உயரம் 16 மி.மீ., அதாவது 2 குமிழ் அகலம் என்ற சமன்பாடுதான் கைகொடுக்கும். ஆனால் கணக்கில் பொருந்துவதெல்லாம் கட்டலாமென்று இல்லை. இரு குமிழ்களுக்கு இடையே உள்ள இடைவெளி 3.2, பிளேட்டின் தடிமனும் 3.2, நிமிர்த்திச் செருகினால் நிற்கும். இடைவெளி துளியும் இல்லாததால் பிளாஸ்டிக் எப்போதும் அழுத்தத்திலேயே இருந்து, பிடிப்பு தளரும் அல்லது விரிசல் விடும். விற்பனைக்கு வரும் செட்டில் இப்படிப்பட்ட இணைப்புக்கு அனுமதி கிடையாது. வெளியே தெரியாத உட்பகுதியில் பளிச்சென்ற சிவப்பு, மஞ்சள் துண்டுகள் இருப்பதைப் பலர் கஞ்சத்தனம் என்று நினைக்கிறார்கள். கறுப்பும் கருஞ்சாம்பலும் கையேட்டின் படத்தில் ஒன்றுபோலத் தெரியும். கட்டுபவர் இடம் தவறாமலிருக்க அந்த நிறங்கள் அடையாளக் கற்கள்.

இப்போது தங்கள் அட்டவணைக்கு வருகிறேன். 1×1 அளவு ஓடு (ஒரு குமிழ் அகலத் தட்டைத் துண்டு) நூறும் கையகலப் பலகை நூறும் ஒன்றுதான் என்று எண்ணினால், சில்லறைத் துண்டுகளைக் கொட்டி நிரப்பிய செட் மலிவாகவே தெரியும். பொடித் துண்டுகளில் ஓரிரண்டு உபரியாகப் பையில் இருக்குமே, அதுவும் தாராள குணமல்ல. பைகளை எடை போட்டுத்தான் சரிபார்க்கிறார்கள். அவ்வளவு லேசான துண்டு ஒன்று குறைந்தால் தராசுக்குத் தெரியாமல் போகலாம், ஆகவே கூடுதலாகப் போட்டுவிடுகிறார்கள். விலையை ஒப்பிட வேண்டுமானால் மொத்த எடை, அந்த செட்டுக்கென்றே செய்த புதிய வடிவங்கள், படங்கள் ஸ்டிக்கரா அச்சிட்டவையா என்ற மூன்றையும் சேர்த்துப் பாருங்கள்.

மூடிய பெட்டியில் எது இருக்கிறதென்று தெரியாமல் வாங்கும் வகையைப் பற்றியும் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். ஒரு வரிசையின் 12 உருவங்களும் சம வாய்ப்புடன் கலந்திருந்தால், தனித்தனியாக வாங்கி எல்லாவற்றையும் சேர்க்கச் சராசரியாக 37 பெட்டிகள் ஆகும். 144-ல் ஒன்று என்கிற ரகசிய உருவத்துக்காகக் குருட்டாம்போக்கில் 144 பெட்டி வாங்கினாலும் கிடைக்கும் வாய்ப்பு 63 சதவீதம்தான். இந்த விகிதத்தையும், மொத்தக் கட்டில் பெட்டிகளை அடுக்கும் முறையையும் விற்பனைப் பிரிவு தீர்மானிக்கிறது. சிற்பிக்கு இதில் பங்கு குறைவு.

வரையத் தெரிந்த மாணவர்களுக்கு: உடைந்த பொம்மை ஒன்றை எடுத்து ரம்பத்தால் குறுக்கே அறுத்துப் பாருங்கள். சுவரின் தடிமனை அளந்து குறியுங்கள். அச்சு பிரிந்த கோடு எந்த வழியாகப் போகிறது, பிளாஸ்டிக் நுழைந்த வாயின் (கேட்) தழும்பு எங்கே, துண்டை அச்சிலிருந்து தள்ளிவிட்ட பின்களின் வட்டத் தடம் உட்புறத்தில் எத்தனை என்று தேடுங்கள். பிறகு அதே பொம்மையை, ஒரு துண்டு குறைவாக வரும்படி மீண்டும் வரைந்து பாருங்கள்.

இப்படிக்கு,
பொம்மை வடிவமைப்பாளர் ஒருவர்